தெருவில் கார் நிறுத்துவது எப்படி: சென்னைக்குக் குடிவரும் புதியவர்களுக்கு

கோவையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வேலை மாறிச் சென்னைக்கு வருகிறவர்கள் வீடு தேடும்போது தண்ணீர் வருமா என்று கேட்கிறார்கள், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று கேட்கிறார்கள். மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்குமா என்றும் இப்போது தவறாமல் கேட்கிறார்கள். காரை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் சாமான் இறக்கிய அன்று ராத்திரிதான் வருகிறது. நங்கநல்லூர், மேற்கு மாம்பலம், ஆதம்பாக்கம், கோடம்பாக்கம், விருகம்பாக்கம் என்று எந்தப் பகுதியின் உள்தெருவாக இருந்தாலும் அந்த நேரத்தில் அதற்கு நல்ல பதில் கிடைக்காது. கார் வைத்திருப்பவர்களுக்கும், இங்கே வந்து கார் வாங்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் செய்ய வேண்டியதை வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஏன் இடமில்லை என்பதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு. சென்னையில் மனையைக் கிரவுண்டில் சொல்வார்கள். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. நாற்பதுக்கு அறுபது மனை என்றால் தெருப் பக்கம் 40 அடி. முன்பு அதில் ஒரு தனி வீடு இருந்தது, வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. அந்த வீட்டை இடித்துக் கீழே ஸ்டில்ட் (தூண்கள்மட்டும் நிற்கும், கார் நிறுத்துவதற்கான தரைத்தளம்), மேலே ஆறு வீடு என்று கட்டுகிறார்கள். தெருப் பக்கத்து 40 அடியில் கேட்டுக்கு 12 அடி போனால் மிச்சம் 28 அடி. சின்ன கார் ஒன்றின் நீளம் ஏறக்குறைய 13 அடி. நெருக்கி நிறுத்தினால் இரண்டு கார், அவ்வளவுதான். ஸ்டில்ட்டில் தூண்களுக்கு நடுவே நாலைந்து கார் நிற்கலாம். ஆனால் அங்கேதான் மோட்டார் ரூம், மீட்டர் பலகை, எல்லார் வீட்டு டூவீலர்களும் இருக்கும். ஆறு வீட்டுக்கும் ஆளுக்கு ஒரு கார் என்றால் எப்படியோ சமாளிக்கலாம். அதில் இரண்டு வீடு இரண்டாவது கார் வாங்கிவிட்டால் அந்த இரண்டும் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போகும். பக்கத்து மனையிலும் இதே ஆறு வீடு, எதிர் மனையிலும் இதே ஆறு வீடு. எதிரெதிரே இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டால் நடுவில் பெரிய வண்டி போக வழியில்லை. ஆக, கணக்கில் இருக்கும் இடத்திலும் பாதியைத்தான் பயன்படுத்த முடியும்.

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் 28 சதவீதமும் மேல்வரியும் இருந்தது. கார் வாங்குவது எளிதாகிக்கொண்டே போகிறது. தெருவோ பழைய லேஅவுட் போட்ட அன்று எவ்வளவு அகலமோ அதே அகலம்தான்.

இதில் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். தெருவில் எந்த இடமும் யாருக்கும் சொந்தமில்லை, உங்கள் வாசலுக்கு நேராக இருக்கும் இடம்கூட. தெருவாசிகள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பதால்தான் அத்தனை வண்டியும் எப்படியோ நிற்கின்றன. அதனால் தெருவைத் தெரிந்துகொள்வதும், தெருவில் இருப்பவர்களுக்கு உங்களைத் தெரியவைப்பதும்தான் இங்கே பாதி வேலை.

1. வீட்டை ராத்திரி பத்து மணிக்கு ஒருமுறை பாருங்கள்

புரோக்கர் உங்களைக் காலை பதினோரு மணிக்கு அழைத்துப்போவார். அந்த நேரத்தில் பாதி கார்கள் ஆபீஸில் இருக்கும். தெரு அகலமாகவும் அமைதியாகவும் தெரியும். வீடு பிடித்திருந்தால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வாரநாளில் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும். தெருவின் உண்மையான நிலைமை அப்போதுதான் தெரியும்.

ஒரு டேப் எடுத்துக்கொண்டு போய் அகலத்தை அளந்துவிடுங்கள். இருபது அடித் தெரு என்றால் ஆறு மீட்டர். ஒரு கார் சுவரை ஒட்டி நின்றால் கண்ணாடியோடு சேர்த்து இரண்டு மீட்டர் போய்விடும். மீதி நாலு மீட்டர். எதிர்ப்பக்கமும் ஒன்று நின்றால் மீதி இரண்டே மீட்டர். ஆட்டோ போகும், கார் பார்த்துப் பார்த்துப் போகும். லாரியோ தீயணைப்பு வண்டியோ ஏறக்குறைய இரண்டரை மீட்டர் அகலம் இருக்கும், அது நுழையவே நுழையாது.

அளந்த கையோடு நிற்கிற கார்களின் பக்கவாட்டையும் பார்த்துக்கொண்டே நடங்கள். தெருவின் நடுப்பக்கம் பார்த்த பம்பர்கள் எல்லாம் வரிசையாக உரசியிருந்தால், கண்ணாடிகள் எல்லாம் மடக்கியே இருந்தால், அந்தத் தெருவில் பெரிய வண்டிகள் நெருக்கிக்கொண்டு போய்வருகின்றன என்று அர்த்தம். உறை போட்டு, உறைமேல் தூசியும் சருகும் படிந்த கார்கள் எத்தனை என்று பாருங்கள். அவை இடத்தை விடப்போவதில்லை. வாசலில் கல், பூந்தொட்டி, மணல் மூட்டை, கயிறு கட்டிய பழைய நாற்காலி எல்லாம் இருந்தால் இங்கே சண்டை ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிறது. முட்டுச்சந்து என்றால் திருப்ப இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் தினமும் காலையில் ரிவர்ஸிலேயே தெருமுனைவரை வரவேண்டியிருக்கும்.

இது ஒருமணி நேர வேலை. வீட்டு அட்வான்ஸ் கொடுத்த பிறகு இதே தகவல் தெரிந்தால் ஒரு பயனும் இல்லை.

2. "பார்க்கிங் இருக்கு சார்" என்றால் என்னவென்று கேளுங்கள்

இந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று விஷயங்கள் இருக்கலாம். ஸ்டில்ட்டில் உங்களுக்கென்று எண் போட்ட இடம் இருக்கலாம். ஸ்டில்ட்டில் முதலில் வருகிறவர் நிறுத்திக்கொள்ளும் பொது இடம் இருக்கலாம். அல்லது கேட்டுக்கு வெளியே தெருவில் நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதையே அவர் அப்படிச் சொல்லலாம். எது என்று கேட்டுவிட்டு, இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதோடு விடாமல் உங்கள் காரையே கொண்டுவந்து ஒருமுறை உள்ளே விட்டுப் பாருங்கள். கட்டட விதிகளில் ஒரு கார் நிறுத்த 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் என்று அளவு சொல்லியிருக்கிறது. பழைய கட்டடங்களில் தூணுக்கும் தூணுக்கும் இடையே அது இருக்காது. கார் உள்ளே போகும், நீங்கள் கதவைத் திறந்து இறங்க முடியாது.

ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தும் ஏற்பாடு பல வீடுகளில் உண்டு. பின்னால் நிற்பவர் முதலில் கிளம்புகிறவராக இருந்தால் பிரச்சினையில்லை. நீங்கள் காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறவர், உங்களுக்குப் பின்னால் நிறுத்துகிறவர் ஒன்பது மணிக்கு எழுந்திருப்பவர் என்றால் அந்த வீட்டில் உங்களுக்குப் பார்க்கிங் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பேசியதை வாடகை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். "ஸ்டில்ட்டில் தெற்கு மூலையில் ஒரு கார், ஒரு டூவீலர்" என்று ஒரு வரி அதில் இருந்தால் போதும். பின்னால் ஓனரின் மகன் கார் வாங்கும்போது அந்த வரிதான் உங்கள் இடத்தைக் காப்பாற்றும்.

வீடு வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். திறந்தவெளி இடத்தையும் ஸ்டில்ட் இடத்தையும் கட்டுநர் தனிச் சரக்காக விற்க முடியாது என்று 2010இல் ஒரு மும்பை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் திறந்தவெளிப் பார்க்கிங்கைப் பொதுப் பகுதியில்தான் சேர்த்திருக்கிறது. அதனால் "ஓப்பன் பார்க்கிங்குக்குத் தனியாக இத்தனை லட்சம்" என்று கேட்டால், எந்த அடிப்படையில் கேட்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்புதல் பெற்ற வரைபடத்தை வாங்கி, அதில் பார்க்கிங் என்று காட்டிய இடமெல்லாம் இன்றும் பார்க்கிங்காகத்தான் இருக்கிறதா என்று கீழே போய் ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்டில்ட்டில் கடை வைத்திருப்பது, அறை கட்டியிருப்பது இரண்டுமே விதிமீறல். அந்தக் கடையால் வெளியே தள்ளப்பட்ட கார்கள்தான் இப்போது தெருவில் நிற்கின்றன. உள்தெருக்களின் இடநெருக்கடியில் பெரும்பங்கு இப்படிக் காணாமல்போன ஸ்டில்ட்டுகளால்தான் வந்தது என்பது என் எண்ணம்.

3. சட்டம் சொல்வது

நடைபாதையில் நிறுத்தக்கூடாது. வளைவு, தெரு சந்திப்பு, பேருந்து நிறுத்தம், பள்ளி, மருத்துவமனை வாசல் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் கூடாது. அடுத்தவர் வாசலை மறைத்து நிறுத்தக்கூடாது. ஏற்கனவே நிற்கும் வண்டிக்கு நேர் எதிரே வழியை அடைத்தும் கூடாது. இவை சாலை ஒழுங்கு விதிகளிலேயே இருக்கின்றன. தனியாகப் பலகை வேண்டியதில்லை. மீறினால் முதல் தடவை 500 ரூபாய், மறுபடி பிடிபட்டால் 1500 ரூபாய் அபராதம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆவது பிரிவு பலருக்குத் தெரியாது. பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் விட்ட வண்டியை இழுத்துப்போக, சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி அனுமதி கொடுக்கலாம். உள்தெருக்களில் சாதாரணமாக இதை யாரும் செய்வதில்லை. ஆனாலும் ஊருக்குப் போகும்போது இரண்டு வாரம் தெருவில் விட்டுப் போகிற காருக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. தெருவின் வேலைநேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தினசரி ஒழுங்கு உண்டு. முதல் பத்து நாள் அதைக் கவனிப்பதற்கே வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்ரோ வாட்டர் லாரியோ தனியார் தண்ணீர் லாரியோ எந்த வீட்டுக்கு எப்போது வருகிறது என்று பாருங்கள். லாரி எந்த இடத்தில் நின்று ஹோஸை இழுக்கிறதோ அந்த இடம் எவ்வளவு காலியாக இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம். விடியற்காலை ஐந்தரை மணிக்கு லாரி ஹாரன் அடிப்பது உங்களை எழுப்பத்தான். குப்பை எடுக்கும் பேட்டரி வண்டி திரும்புகிற முனை, ஸ்கூல் வேன் நின்று பிள்ளைகளை ஏற்றுகிற இடம் இரண்டும் அப்படியே. இஸ்திரி வண்டி நிற்கும் மரத்தடி காலையில் காலியாகத்தான் இருக்கும். அங்கே நீங்கள் நிறுத்தினால் அந்த மனிதர் பிழைப்புக்கு வேறு இடம் தேடவேண்டும். ஒருவருடைய அன்றாடச் சம்பாத்தியம் அந்த நிழலை நம்பியிருக்கிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கழிவுநீர் மேன்ஹோல் மூடிமேல் சக்கரம் நிற்கும்படி நிறுத்தாதீர்கள். அடைப்பு எடுக்கும் இயந்திரம் வரும் நாளில் உங்களைத் தேடித் தெருவே கூடும். மின்வாரியப் பெட்டியை ஒட்டியும் வேண்டாம். மழைக்காலத்தில் அதன் கதவைத் திறக்கவேண்டிய அவசரம் அடிக்கடி வரும்.

மரநிழலைப் பார்த்து மயங்கவேண்டாம். முருங்கைக் கிளை சாதாரணக் காற்றுக்கே ஒடியும். தென்னைக்குக் கீழே நிறுத்துவது எந்த மாதத்திலும் சரியில்லை. தூங்குமூஞ்சி மரத்தின் காய் விழுந்து வெயிலில் காய்ந்தால் பெயின்ட்டில் பிசுபிசுப்பு ஒட்டிக்கொள்ளும். வேம்பும் புங்கையும் பரவாயில்லை.

அப்புறம் விசேஷ நாட்கள். ஆடி மாதம் அம்மன் கோயில் இருக்கும் தெருவில் பந்தல் போட்டுக் கூழ் ஊற்றுவார்கள். மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிக் குடியிருந்தால் பங்குனித் திருவிழாவில், அதிலும் அறுபத்து மூவர் அன்று, காரை முந்தைய நாளே எடுத்து எங்காவது தள்ளி நிறுத்திவிட வேண்டும். கல்யாண வீடு, துக்க வீடு இரண்டுக்கும் தெருவில் ஷாமியானா போடுவார்கள். துக்க வீடு என்றால் யாரும் வந்து சொல்லும்வரை காத்திருக்காமல் நீங்களாகவே வண்டியை எடுத்துவிடுங்கள். அந்தத் தெருவில் அதற்குப் பிறகு உங்களை யாரும் புதியவராக நினைக்க மாட்டார்கள்.

5. முதல் வாரத்திலேயே நான்கு வீட்டுக் கதவைத் தட்டுங்கள்

இடதுபுறம், வலதுபுறம், எதிர்வீடு, எதிர்வீட்டுக்குப் பக்கத்து வீடு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போங்கள். நீளமாகப் பேசவேண்டியதில்லை. "சார், நாங்க பதினெட்டாம் நம்பர் மாடிக்குப் புதுசா வந்திருக்கோம். வெள்ளைக் கார் எங்களுதுதான். உங்க வீட்டுக்கு யாராவது வர்றப்போ ஒரு போன் பண்ணுங்க, உடனே எடுத்துடறேன்." வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடு என்றால் "அம்மா, ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா தயங்காம கூப்பிடுங்க" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள், சொன்னால் அதைச் செய்யுங்கள். ஒரு வீட்டில் காரே இருக்காது. அவர்களிடம்தான் முதலில் கேட்கவேண்டும். கார் இல்லாதவர் வாசல் காலியாக இருப்பதால் அது எல்லோருக்கும் பொது என்று தெருவே நினைத்திருக்கும். அவர் வீட்டு வாசலில் கோலம் போட இடமில்லாமல், ஆட்டோ வந்து நிற்க வழியில்லாமல் இருப்பதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "கோலம் போட இடம் விட்டு நிறுத்தறேன், பரவாயில்லையா?" என்று கேட்பவருக்கு அங்கே மரியாதை கிடைக்கும்.

முன் கண்ணாடிக்குள்ளே வீட்டு எண்ணும் போன் எண்ணும் எழுதிய அட்டை ஒன்று வையுங்கள். பெண்கள் தங்கள் எண்ணைத் தெருவில் காட்டி வைக்கத் தயங்குவது நியாயம்தான். வீட்டில் வேறொருவர் எண்ணையோ, சம்மதம் கேட்டுக்கொண்டு வாட்ச்மேன் எண்ணையோ எழுதலாம். எண்ணைக் காட்டாமல் அழைக்க உதவும் கியூஆர் ஸ்டிக்கர்களும் கிடைக்கின்றன. அட்டை வைத்தால் மட்டும் போதாது, அழைப்பை எடுக்கவேண்டும். ராத்திரி போனை சைலன்ட்டில் போடுகிறவர்கள் அடுத்தவர் வாசலை ஒட்டி நிறுத்தக்கூடாது.

பின்னால் வருகிறவர் தள்ளிக்கொள்ளட்டும் என்று காரை நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போடாமல் விடும் பழக்கம் அடுக்ககங்களில் இருக்கிறது. சமதளமான ஸ்டில்ட்டில், எல்லோரும் ஒத்துக்கொண்டு செய்தால் சரி. தெருவில் ஒருபோதும் செய்யாதீர்கள். லேசான சரிவுகூடப் போதும், வண்டி உருண்டு குழந்தைமேல் போய்விடும். ஆட்டோமேட்டிக் காரைப் பார்க் நிலையில் விட்டால் யாராலும் தள்ளவும் முடியாது. அதனால் அதை வழியை மறைத்து நிறுத்துவதே கூடாது.

வாடகைக்கு வந்தவர்களிடம் "நாங்க இங்க முப்பது வருஷமா இருக்கோம்" என்று சொல்பவர் எல்லாத் தெருவிலும் ஒருவர் இருப்பார். அவரோடு சட்டம் பேசாதீர்கள். அந்தத் தெருவில் தண்ணீர் எங்கே நிற்கும், எந்த மரம் விழும், எந்த வீட்டுக்காரர் எந்த நேரத்தில் வருவார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவரிடம் கேட்டு ஓரிரண்டு முறை நிறுத்துங்கள். அதற்குப் பிறகு உங்களுக்காக அவரே இடம் பார்த்துச் சொல்வார்.

6. உங்கள் வாசலை யாராவது அடைத்துவிட்டால்

முதலில் அட்டையில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மத்திய அரசின் வாகனத் தகவல் செயலியான எம்பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டால் மாடல், பதிவு அலுவலகம் போன்ற விவரங்கள் வரும். உரிமையாளர் பெயர் முழுதாகத் தெரியாது, போன் எண்ணும் வராது. ஆகவே பக்கத்து வீடுகளில் கேட்பதுதான் வேகமான வழி. தெருவாசிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டு "இந்த வண்டி யாருடையது, கொஞ்சம் எடுக்க முடியுமா?" என்று மட்டும் எழுதுங்கள். கோபமாக ஒரு வார்த்தை எழுதினால் அந்த மாதம் முழுதும் அதைப் பற்றியே பேச்சு நடக்கும். அரைமணி நேரம் பார்த்தும் ஆள் வராவிட்டால், அவசரமாக வெளியே போகவேண்டியிருந்தால், போக்குவரத்துப் போலீஸைக் கூப்பிடுங்கள்.

டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவது, சாவியால் கீறுவது, வைப்பரை மடக்கிவைப்பது எதுவும் வேண்டாம். காற்றுப் போன வண்டி உங்கள் வாசலிலேயே இன்னும் நீண்ட நேரம் நிற்கும். இப்போது பாதி வீடுகளில் கேமரா இருக்கிறது.

வாசலில் கல் வைத்து இடம் பிடிப்பதும் தவறு. வீட்டுச் சுவரில் நீங்களே மாட்டும் நோ பார்க்கிங் பலகைக்குச் சட்டப்படி மதிப்பில்லை. வாசலை மறைப்பது பலகை இல்லாமலே தவறுதான். இரவில் டூவீலரில் வருகிறவர் இருட்டில் அந்தக் கல்லில் மோதி விழுந்தால் பொறுப்பு உங்கள்மேல் வரும். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் மாடியிலிருந்து ஒயரை இறக்கித் தெருவைக் கடந்து சார்ஜ் போடுவதையும் இப்போது பார்க்கிறேன். தண்ணீர் தேங்கும் தெருவில் அது உயிருக்கே ஆபத்து. ஸ்டில்ட்டில் உங்கள் மீட்டரோடு இணைத்த பிளக் கிடைக்காத வீட்டில் மின்சாரக் காரைப் பற்றி இரண்டு முறை யோசியுங்கள்.

7. அக்டோபர் முதல் டிசம்பர்வரை

சென்னையில் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த மூன்று மாதம் தனிப் பாடம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் ஸ்டில்ட்டில் பத்திரமாக நின்ற கார்கள் பலவும் மூழ்கின. தெருவில் மேட்டில் நின்றவை பல இடங்களில் தப்பின. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தின் ஓரத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பார்த்தவர்கள் என்ன சொன்னாலும், முந்தைய வருடம் வண்டியைப் பறிகொடுத்தவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

நீங்கள் செய்யவேண்டியது: குடிவந்த உடனே, 2015இலும் 2023இலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். பல வீடுகளின் மதில் சுவரில் கறைக்கோடே இருக்கும். பிறகு ஒரு கிலோமீட்டருக்குள் மேடான இடம் ஒன்றைப் பகலில் போய்ப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். உறவினர் வீடு, ஆபீஸின் மேல்தளப் பார்க்கிங் எதுவானாலும் சரி. எச்சரிக்கை வந்த அன்று மதியமே காரை எடுத்துவிடுங்கள், ராத்திரி எல்லோரும் கிளம்புவார்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கும் என்று சந்தேகம் இருந்தால் சாவியைத் திருப்பவே கூடாது. ஸ்டார்ட் செய்தால்தான் எஞ்சின் கெட்டுப்போகும். இழுத்துக்கொண்டுபோய் மெக்கானிக்கிடம் விடுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வெள்ளத்துக்கும் மரம் விழுவதற்கும் ஒரு ரூபாய் கிடைக்காது. முழுக் காப்பீடு வைத்திருப்பவர்களும் எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவு இருக்கிறதா என்று செப்டம்பரிலேயே பார்த்துவிடுங்கள்.

தெருவில் நெடுநாள் நிற்கும் காருக்கு இன்னொரு தொல்லை, எலி. குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் ஒயரைக் கடித்துவிடும். வாரத்துக்கு இரண்டு முறையாவது வண்டியை எடுங்கள்.

8. கார் வாங்கும் முன்

ஜப்பானில் 1962இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. கார் நிறுத்த இடம் இருக்கிறது என்று காட்டிப் போலீஸில் சான்று வாங்கினால்தான் காரைப் பதிவு செய்ய முடியும். அந்த இடம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும். டோக்கியோவின் உள்தெருக்கள் நம் தெருக்களைப்போலவே குறுகலானவை. ஆனாலும் ராத்திரி அங்கே கார் வரிசை கிடையாது. அந்த விதி இங்கேயும் வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வரும்வரை அதை நாமாகவே கடைப்பிடிக்கலாம்: நிறுத்த இடம் உறுதியான பிறகே ஷோரூம் பக்கம் போவது.

இரண்டாவது காரைப் பற்றி யோசிக்கிறவர்கள் ஒரு மாதம் குறித்து வையுங்கள். இருக்கிற கார் எத்தனை நாள் அசையவே இல்லை, இரண்டும் ஒரே நேரத்தில் தேவைப்பட்ட நாள் எத்தனை. பல வீடுகளில் அந்த நாட்களுக்கு வாடகைக் காரும் மெட்ரோவும் போதும். வாங்கியே ஆகவேண்டும் என்றால் நாலு மீட்டருக்குள் இருக்கும் காராக வாங்குங்கள். அரை மீட்டர் குறைவதால் இரண்டு கேட்டுக்கு நடுவே ஒரு வண்டி நிற்குமா நிற்காதா என்பதே முடிவாகிறது.

9. தெருவாகச் சேர்ந்து செய்யக்கூடியது

எங்கள் தெருவில் ஒரு விடியற்காலை பெரியவர் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தது. 108 வந்தது, ஆனால் முனையிலேயே நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் கார். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அவருடைய மகன் அதற்கு முன்னால் ஓடி ஒவ்வொரு காரின் கண்ணாடியையும் மடக்கிக்கொண்டே போனார். பெரியவர் பிழைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் தெருவில் கூட்டம் போட்டோம். உங்கள் தெருவில் அப்படி ஒன்று நடக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

ராத்திரி பதினோரு மணிக்கு இரண்டு பேர் நடந்து, வீட்டு வரிசைப்படி எத்தனை கார், எந்த வீட்டுடையது, எது யாருக்கும் தெரியாதது என்று எழுதுங்கள். இந்தப் பட்டியல் கையில் இல்லாமல் கூட்டம் போட்டால் ஆளாளுக்கு எதிர்வீட்டைக் கைகாட்டுவார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு மொட்டைமாடியில் கூடுங்கள். வாடகைக்கு இருப்பவர்களையும் கட்டாயம் கூப்பிடுங்கள், கார் இல்லாதவர்களையும்.

இருபது அடித் தெரு என்றால் ஒரு முடிவு முதலில் வேண்டும்: ஒரு பக்கம் மட்டும் நிறுத்துவது. எப்போதும் ஒரே பக்கம் என்றால் அந்தப் பக்கத்து வீட்டார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது நியாயமும்கூட. மாதம் ஒரு பக்கம் என்று மாற்றிக்கொள்ளலாம். இரண்டு முனையிலும் திரும்புகிற இடத்தில் ஒரு கார் நீளம் காலியாக விடுவது அடுத்த முடிவு. மூன்றாவது, கடினமானது: ஸ்டில்ட்டில் இடம் இருந்தும் வெளியே நிறுத்துகிறவர்கள் உள்ளே போகவேண்டும், வீட்டின் இரண்டாவது கார் தெருவுக்கு வெளியே போகவேண்டும். வெளியே எங்கே என்ற கேள்வி உடனே வரும். பக்கத்துப் பள்ளிக்கூட மைதானம், கல்யாண மண்டபம், பகலில் மட்டும் இயங்கும் ஆபீஸ், சுற்றுச்சுவர் போட்ட காலிமனை இவற்றையெல்லாம் ராத்திரிக்கு மட்டும் மாத வாடகைக்குக் கேட்டுப்பாருங்கள். தனித்தனியாகக் கேட்டால் மறுக்கிறவர்கள், எட்டுப் பத்துக் காருக்கு ஒரே ஆள் பொறுப்பேற்று எழுதிக்கொடுத்தால் யோசிப்பார்கள். வாட்ச்மேனுக்குத் தனியாகக் கொடுப்பதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள். ஆனால் தெருவில் நிறுத்துவதற்குச் சங்கம் பணம் வசூலிக்கக்கூடாது. தெரு மாநகராட்சியுடையது.

யாருக்கும் தெரியாத வண்டி, மாதக்கணக்கில் அசையாத வண்டி இருந்தால் எண், படம், நிற்கும் இடம் மூன்றையும் குறித்து மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பகுதிக் காவல் நிலையத்திலும் ஒரு கடிதம் கொடுங்கள். அதற்கு முன் அது வெளிநாட்டில் பிள்ளைகளோடு இருக்கும் யாரோ ஒரு பெரியவருடையதா என்று விசாரித்துவிடுங்கள். பல சமயம் ஒரு போன் அழைப்பில் முடிந்துவிடும்.

ஒரு பக்கப் பார்க்கிங்கை அதிகாரபூர்வமாக்க வேண்டுமென்றால் வீட்டுவாரிக் கையெழுத்தோடு, தெருவின் அகலம், கார் எண்ணிக்கை, முனையில் நேரும் தடை எல்லாம் எழுதி, பகுதியின் போக்குவரத்துக் காவல் ஆய்வாளருக்கும் வார்டு கவுன்சிலருக்கும் மனு கொடுங்கள். வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது அதே மனுவை அங்கேயும் படியுங்கள். ஸ்ட்ரெச்சரோ பள்ளி வேனோ முனையில் நிற்கும் படம் ஒன்று இணைத்தால் மனுவைப் படிக்கிறவருக்கு நிலைமை உடனே விளங்கும்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது வாடகை வீடுகளில் ஆள் மாறும். அந்த மாதம் பட்டியலை ஒருமுறை புதுப்பித்து, புதிதாக வந்தவரின் வண்டி எண்ணைச் சேர்த்து, அந்த மாதம் எந்தப் பக்கம் நிறுத்தவேண்டும் என்பதையும் அவரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.